ஒன்றை மட்டும் சொல்லாமல்

என் வீட்டுக்காரரை வேலை செய்கிற இடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிளேடு என்றுதான் கூப்பிடுவார்கள். பேசியே ஆளை அறுக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிப்போகும். அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் அட்டை வெட்டுகிற மெஷின் அவருடையது. அதனால் அந்தப் பேர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அந்த மெஷினை நான் ஒரே ஒரு தடவை கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஓர் ஆள் கை நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு இரும்பு மேஜை. அட்டைகளை அடுக்கி உள்ளே தள்ள வேண்டும். ஒரு பலகை வந்து அடுக்கை அமுக்கிப் பிடிக்கும். அதை ஒட்டி மேலேயிருந்து பிளேடு இறங்கும். தொண்டையைக் கனைப்பது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவ்வளவு தடிமன் அட்டையும் இரண்டாகிக் கிடக்கும். பிளேடு மேலே போனதும் கையை உள்ளே விட்டு வெட்டினதை எடுக்க வேண்டும். அவர் கை உள்ளே போனபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

வேலை விஷயத்தில் அவர் தனிப்பிறவி. தன் மெஷினை இன்னொருத்தர் தொட்டால் பிடிக்காது. இன்னொருத்தர் மெஷினை அவரும் தொட மாட்டார். ‘இது என் வேலை இல்ல’ என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்வார். காலையில் போனதும் மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். ‘பிளேடு மெஷினைக் கும்பிடுறாரு, யாரும் குறுக்க போகாதீங்க’ என்று கூட இருக்கிறவர்கள் கிண்டல் செய்வார்களாம். இவர் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

பிறகு இந்தக் கேடுகாலம் வந்தது. ஜனங்கள் கடைக்குப் போய் எதையாவது வாங்கினால்தானே அதைப் போட்டுக் கொடுக்கப் பெட்டி வேண்டும்? செருப்புப் பெட்டிக்கு ஆர்டர் நின்றது. பொம்மைப் பெட்டிக்கு நின்றது. மருந்துப் பெட்டி மட்டும் கொஞ்சம் ஓடியது. முதலில் இரவு ஷிப்ட் போனது, அப்புறம் டீ போனது, அப்புறம் பாதி டியூப்லைட்டைக் கழற்றினார்கள். தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாட்ச்மேனைக்கூட உள்ளே கூப்பிட்டுப் பெட்டி மடிக்கச் சொன்னார்கள். எனக்கும் அதே கதைதான். நான் வீட்டில் தைக்கிறவள். புதுத்துணி தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் பழசைப் பிரித்துத் தைக்கக் கொண்டு வந்தார்கள், அப்புறம் அதுவும் இல்லை.

வீட்டில் போன் அடித்தால் இரண்டு பேரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்போம். வேலைக்கு வர வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. எதிர்வீட்டு மாமாவுக்கு அப்படித்தான் வந்தது. அன்றிலிருந்து அவர் வாசல் பக்கமே வருவதில்லை. நாங்களும் அந்த வீட்டுப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டோம், ஏதோ தொத்து வியாதி மாதிரி.

என் வீட்டுக்காரர் தலைகீழாக மாறிப்போனார். ‘என் வேலை இல்ல’ என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து காணாமல் போனது. எதைச் சொன்னாலும் சரிங்க, எங்கே போகச் சொன்னாலும் சரிங்க. தன் மெஷினைச் சுற்றி மட்டும் பெருக்கினவர் ஊர் மெஷினைச் சுற்றியெல்லாம் பெருக்கினார். ஒரு நாள் மேனேஜருடைய பையை இவர் தூக்கிக்கொண்டு வருவதைக் கடைத்தெருவில் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும், “அடுத்து என்ன, செருப்பைத் துடைச்சுக் குடுப்பீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “சொன்னாங்கன்னா துடைக்கிறேன்” என்றார். அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது.

அதற்குப் பிறகு மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். ஓர் ஆளுக்கு ஒரு வேலை என்கிற காலம் மலையேறிவிட்டது, இனிமேல் ஒவ்வொருவருக்கும் இரண்டு மெஷின் தெரிந்திருக்க வேண்டும். ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேட்க நல்ல பேச்சுதான். ஆனால் அங்கே நின்ற யாரும் பச்சைக் குழந்தை இல்லை. ஒரே வேலை இரண்டு பேருக்குத் தெரிந்தால் ஒருவர் போதும். இன்னொரு தொழிற்சாலையில் இப்படித்தான் நடந்ததாம்: முழுதாகச் சொல்லிக்கொடுத்தவருக்கு மறுநாளே கணக்கு முடித்துவிட்டார்களாம். நடந்ததோ இல்லையோ, எல்லோரும் நம்பினார்கள்.

இவருக்கு ஜோடியாக வந்தது பசையக்கா. பெட்டியின் ஓரங்களைப் பசை போட்டு ஒட்டுகிற மெஷின் அவளுடையது. இவரைவிட வயதில் சின்னவள்தான், ஆனால் மேனேஜரே அவளைப் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார். வாய் கொஞ்சம் நீளம். வயதான அப்பா, படிக்கிற பிள்ளைகள், எல்லாம் அவள் ஒருத்தி சம்பாத்தியம்.

“பசையக்காவுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

“ம்.”

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு ‘ம்’முக்கும் இன்னொரு ‘ம்’முக்கும் வித்தியாசம் தெரியாதா? இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மேலே கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார், சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் தூக்கம் போகும்.

இதற்கு நடுவில் எனக்குக் கண் மங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னேன். லீவு கேட்டுவிட்டு வந்தவர் முகம் செத்துப்போயிருந்தது.

“குடுக்கலையா?” என்றேன்.

“குடுத்துட்டாரு.”

“அப்புறம் என்ன?”

“தாராளமாப் போயிட்டு வாங்க, பசையக்கா பாத்துக்குவாங்கன்னு சொல்றாரு. என்னைக்காவது அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே லீவு குடுத்திருக்காரா?”



மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் கண்ணில் மருந்து விட்டுவிட்டு, கண்மணி விரிகிறவரை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். திறந்தால் எல்லாம் கலங்கல் தண்ணீருக்குள் பார்ப்பது மாதிரி இருந்தது. எதிரே டாக்டர் அறைக் கதவு. அதுவாக மூடிக்கொள்கிற ஸ்பிரிங் கதவு, ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. நர்ஸ் உள்ளே போனாள். கதவு மூடியது. மூடின கதவு லேசாக விலகி, இன்னொரு தடவை தட்டென்று அடித்தது.

பக்கத்தில் இவர் எழுந்து நின்றது தெரிந்தது. நின்றவர் உட்காரவே இல்லை. 

“என்னங்க?”

“ரெண்டாந்தடவை இறங்கும்” என்றார்.

எது என்று கேட்டேன். கோர்வையாக வரவில்லை. நான் அதட்டின பிறகுதான் வந்தது. மெஷினுக்குப் பின்னால் கீழே ஒரு நட்டு இருக்கிறதாம். பிளேடை மேலே பிடித்து நிறுத்துகிற கிளட்ச் பழசு. ஓட ஓட அந்த நட்டு தளரும். தினமும் காலையில் ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்க வேண்டும். இவர் குனிந்து உட்கார்ந்து செய்தது அதைத்தான். கும்பிடவும் இல்லை ஒன்றும் இல்லை.

“அதை மட்டும் பசையக்காகிட்ட சொல்லல” என்றார். “இறுக்கலைன்னா வெட்டு கோணலாப் போகும். கோணலாப் போச்சுன்னா என்னைத்தானே கூப்பிடுவாங்க, அப்படின்னு நெனச்சேன்.”

“சரி, கோணலாத்தானே போகும்?”

“ரொம்பத் தளர்ந்தா பிளேடு மேல போய் நிக்காது. தானா திரும்பவும் இறங்கும். நாம கையை விட்டு எடுக்கும்போது.” என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “நான் சேர்ந்த புதுசுல ஒரு தடவை அப்படி இறங்குச்சு. மயிரிழையில தப்பிச்சேன். அதுக்கப்புறம்தான் தினமும் இறுக்க ஆரம்பிச்சேன். இறுக்கி இறுக்கிப் பழகி, எதுக்கு இறுக்குறேங்கறதே மறந்துபோச்சு. கோணலாப் போகும்கறது மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு.”

பசையக்கா அந்த மெஷினைத் தனியாக ஓட்டுகிற முதல் நாள் அது. இவர் இறுக்காத முதல் நாளும் அதுதான்.

போன் பண்ணச் சொன்னேன். வேலை செய்கிறவர்கள் போனெல்லாம் வாசலில் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கும். மேனேஜருக்கு அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டாக்டராவது கண்ணாவது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். வெயில் என் கண்ணில் ஊசியாகக் குத்தியது. ஓர் ஆட்டோவில் ஏறினோம்.

பாதி வழியில் ஆட்டோ நெரிசலில் நின்றது. அப்போது அவர் மெதுவாகச் சொன்னார்:

“ஒருவேளை ஒண்ணும் ஆகாதுல்ல? ஒரே நாள்தானே. நாளைக்குக் காலைல நான் போய் இறுக்கிடுவேன்.”

வெயிலுக்கு முந்தானையை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டேன்.

“இப்பப் போனா ஏன் ஓடி வந்தேன்னு கேப்பாங்க. சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு? அந்த நட்டு ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அதுவும் தெரிஞ்சுபோச்சுன்னா என்னை எதுக்கு வெச்சுக்கணும்?”

அவர் அப்படி ஒரு மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை.  வீட்டு வாடகை, எங்கள் பெண்ணுக்குக் காலேஜ் பீஸ், என் கண், எல்லாம் ஒரு சுற்று வந்து போனது. அதே நேரத்தில் கோபமும் வந்தது.

“வாய மூடுங்க. துணி கிழிஞ்சா தைக்கலாம். நான் தையக்காரி சொல்றேன், அந்தப் பொண்ணு கை போச்சுன்னா எந்த நூலைப் போட்டுத் தைப்பீங்க? சாப்பாட்டுல கை வைக்க முடியுமா உங்களால? வேலை போனாப் போகுது.”

போனால் போகிறது என்று வாய் சொல்லிவிட்டது.  ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் கேட்காமல் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார்.

தொழிற்சாலை கேட் பூட்டியிருந்தது. தட்டு தட்டு என்று தட்டினோம். வாட்ச்மேன் இருந்தால்தானே? அவர்தான் உள்ளே பெட்டி மடித்துக்கொண்டிருக்கிறாரே. இவர் கேட்டைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். எனக்கு ஏதோ ஒரு நிழல் மேலே போவதுதான் தெரிந்தது. பேண்ட் கிழிகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் தொப்பென்று விழுகிற சத்தம், பிறகு ஓடுகிற சத்தம்.

நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் தெரியாதவளுக்குக் காதுதான் மிச்சம். உள்ளே பல மெஷின்கள் ஒன்றாக ஓடுகிற இரைச்சல் தெருவரைக்கும் கேட்டது. எது எந்த மெஷின் என்று எனக்குத் தெரியாது. ஓடுகிறவரை பரவாயில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று இரைச்சலில் ஒன்று குறைந்தது. யாரோ கத்தினார்கள். அது அவர் குரல்தான். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சுக்குரல்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு மெஷின் நின்றது. இன்னும் ஒன்று. கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது நின்றது, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது நின்றது. கடைசியில் அந்தக் கட்டடம் மொத்தமும் அடங்கிப்போனது. எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது.

ஒரு தொழிற்சாலை வேலை நேரத்தில் எதற்காக அப்படி அடங்கும்? ஒரு காரணம்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோவில் அவர் பேசின பேச்சுக்கு நான் பதில் சொன்ன நேரத்தில்தான் அது நடந்திருக்கும் என்று தோன்றியது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

கேட் திறந்தது. யாரோ வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள். பசை வாடை.

“அண்ணி, தண்ணி குடிங்க.”

நான் தண்ணீரை வாங்கவில்லை. அந்தக் கையைப் பிடித்தேன். அந்தக் கையைத் தடவி, இன்னொரு கையையும் இழுத்துத் தடவினேன். நான் என்ன தேடுகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை விரித்துக் கொடுத்தாள்.

“எல்லாம் இருக்கு அண்ணி” என்றாள். “ஒண்ணும் ஆகல.”

நான் சத்தம் போட்டு அழுதேன். அவள் அழவில்லை. கையை என்னிடமே விட்டு வைத்திருந்தாள்.

உள்ளே என்ன நடந்தது என்று இவர் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். இவர் போனபோது அவள் ஓர் அடுக்கை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாளாம். காலையிலிருந்து வெட்டு கோணலாகத்தான் போயிருக்கிறது. கோணலாக வெட்டுகிறாய் என்று மேனேஜர் திட்டுவாரோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் சமாளித்திருக்கிறாள். இவர் ஓடிப்போய் அந்த மெஷினுடைய சுவிட்சை அணைத்தார். மேனேஜர் வந்தார். கிழிந்த பேண்ட்டோடு, எல்லோர் முன்னாலும் நட்டு விஷயத்தைச் சொன்னார்.

“பசையக்கா என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

“நீங்க கும்பிடறீங்கன்னு நெனச்சேன் அண்ணேன்னாங்க. நானும் இன்னைக்குக் காலைல அதே எடத்துல குனிஞ்சு கும்பிட்டுட்டுத்தான் சுவிட்சப் போட்டேன்னாங்க.”



மேனேஜர், இந்த மாதிரி வேறு யாராவது எதையாவது சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்களாம். பிறகு மற்ற மெஷின்களில் புதிதாகக் கற்றுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மெஷினிலிருந்து கையை எடுத்து, சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அதைத்தான் நான் வெளியே கேட்டிருக்கிறேன்.

“உங்களை என்ன சொன்னாரு?”

“இப்பவே உன்னை அனுப்பிடுவேன்னாரு. அப்புறம் சுத்திப் பாத்தாரு. நின்னுபோன மெஷின எல்லாம் பாத்தாரு. நாளைக்கு வந்து முழுசா சொல்லிக் குடுன்னாரு. எல்லாரையும் அப்படித்தான்.”

மறுநாளிலிருந்து அங்கே பாடம் நடந்தது, இந்தத் தடவை முழுதாக. பசையக்காவும் இவரிடம் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தாளாம்: பசைத் தொட்டியின் சூடு ஏறினால் மூடியை எந்தப் பக்கமிருந்து திறக்க வேண்டும் என்பது. தப்பான பக்கம் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். அதையும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவளும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம். இப்போது வெட்டுகிற மெஷினில் இவருக்குத் தெரிந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒட்டுகிற மெஷினில் அவளுக்குத் தெரிந்தது எல்லாம் இவருக்குத் தெரியும்.

இனிமேல் ஜோடிக்கு ஒருவருக்குத்தான் வேலை என்று நேற்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். யார் என்று திங்கட்கிழமை சொல்வார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் சட்டையைத் தானே தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் பசையக்கா வந்தாள். என் கண் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வந்தாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள் அண்ணி என்றாள். வாய் நீளமானவள், அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

அவள் போனதும் நான் சாமி படத்தின் முன்னால் நின்றேன். இவருக்கு வேலை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். பாதியில் என் வாய் நின்றுவிட்டது. இவர் இருக்க வேண்டும் என்றால் அவள் போக வேண்டும். அவளுடைய அப்பாவும் இந்த நேரத்தில் எங்கேயோ நின்று அவளுக்காக வேண்டிக்கொண்டிருப்பார், அவள் இருந்தால் இவர் போக வேண்டும்.

“என்ன வேண்டிக்கிட்டே?” என்று பின்னாலிருந்து அவர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

மறுபடியும் கையைக் கூப்பினேன். அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். என்னால் வேறு மாதிரி வேண்டிக்கொள்ள முடியவில்லை.